‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’: குடித்த பிறகு எப்போது பைக் எடுக்கலாம்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், இலவச ஆஃபர் உள்ள பாருக்கு நண்பர்களோடு போகிறான். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, காபி சாப்பிட்டுவிட்டுத்தான் பைக் எடுப்பதாகச் சொல்கிறான். அது போதுமா?

பதில்: போதவே போதாது. கணக்குப் போட்டே காட்டலாம்.

40 சதவீத மது 60 மி.லி. லார்ஜ் ஒன்றில் சுமார் 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆண் இரண்டு லார்ஜ் குடித்தால் 100 மி.லி. ரத்தத்தில் தோராயமாக 85 மி.கி. சேரும். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 15 மி.கி.தான் குறைக்கும். ஆக, முழுக்க இறங்க ஆறு மணி நேரம். ஆஃபரில் அந்த இரண்டு நான்கானால் 170 மி.கி., 11 மணி நேரத்துக்கு மேல். இரவு 9 மணிக்குக் குடிக்கத் தொடங்கியவர் காலை 8 மணிக்கு வகுப்புக்குக் கிளம்பும்போதும் ரத்தத்தில் மது மிச்சம் இருக்கும். அதே எடையுள்ள பெண்ணுக்கு அளவு இன்னும் கூடும்.

இதைவிட ஆபத்து, ஆஃபர் முடியும் நேரத்தில் அவசரமாக வாங்கி மளமளவென்று குடிக்கும் கடைசி கிளாஸ்தான். மது ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ‘ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்று கிளம்பியவருக்குப் பாதி வழியில்தான் போதை ஏறுகிறது. 50 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடிக்க அரை நொடி தாமதித்தாலே வண்டி கூடுதலாக 7 மீட்டர் ஓடிவிடும்.

காபியும் எனர்ஜி டிரிங்க்கும் தூக்கத்தை விரட்டும், மதுவை விரட்டாது. பச்சைத் தண்ணீர்க் குளியலும் அப்படியே. வயிறு நிறையச் சாப்பிட்டால் ஏறுவது மெதுவாகும், அவ்வளவுதான். வாந்தி எடுத்தாலும் ரத்தத்தில் கலந்தது கலந்ததே. வண்டி ஓட்டுபவர்களுக்குப் பொதுவாக 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. மது என்ற வரம்பைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனம், இளம் ஓட்டுநர்களுக்கு 20 மி.கி. என்கிறது. ஓட்டும் அனுபவம் குறைந்தவர்களைச் சிறிதளவு மதுவே தடுமாற வைத்துவிடும்.

விலைச் சலுகை அளவைக் கூட்டும் என்பதால்தான் ஸ்காட்லாந்து 2011-இல் கடைகளில் மொத்தமாக வாங்கினால் தரும் மதுத் தள்ளுபடியைத் தடை செய்தது.

மகனிடம் கேட்டு வாங்க வேண்டிய உறுதி ஒன்றுதான்: குடிக்கப் போகும் நாளில் பைக் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. பார்க்கிங்கில் வண்டி நின்றால், குடித்த பிறகு எடுக்கும் முடிவுதான் ஜெயிக்கும். திரும்பும் வாடகை வண்டிக்கான பணத்தை முன்பே தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். நண்பர் ஓட்டுவதானால், ‘கம்மியா குடிச்சவர்’ சரிவராது. ஒரு சொட்டும் தொடாதவராக இருக்க வேண்டும். குடித்தவரைப் பைக்கின் பின்னால் உட்கார வைப்பதும் தவறு. வளைவில் அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவரும் சேர்ந்து விழுவார். அவரைக் காரில்தான் அனுப்ப வேண்டும்.

எந்நேரம் கூப்பிட்டாலும் வந்து அழைத்துப் போவேன், திட்டுவதெல்லாம் மறுநாள்தான் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அப்பா அம்மாவின் ஏச்சுக்குப் பயந்தே பல பிள்ளைகள் சாவியை எடுக்கிறார்கள்.