கர்னல் அம்மாவுக்கு எப்படி மரியாதை செய்வது?

கேள்வி: என் அம்மா ராணுவ நர்சிங் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர். பதான்கோட், ஜோர்ஹாட், லக்னோ என்று மாற்றல் வந்துகொண்டே இருந்ததால் என்னை ஊரில் அம்மாச்சிதான் வளர்த்தார். இப்போது அம்மா ஊரோடு வந்துவிட்டார். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் முன்னாள் ராணுவத்தினரை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அம்மாவைக் கூப்பிடுவதில்லை. ஊருக்கு அவர் வெறும் நர்ஸம்மா. சரி, நாமாவது செய்வோம் என்று, அன்னையர் தினத்தில் ‘தியாகத் தாய்’ என்று பேனர் வைத்து விழா எடுக்கலாம் என்றேன். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. வேண்டவே வேண்டாம் என்கிறார். 32 வயதில் கல்யாணம் செய்தார், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போனார் என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். உண்மையைச் சொன்னால், நான் வயதுக்கு வந்தபோது அம்மா பக்கத்தில் இல்லை என்பது எனக்கும் ஆறவில்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு அவரைக் கௌரவித்தால் அது நடிப்பு ஆகிவிடாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசியில் கேட்டதுதான் உங்கள் கேள்வி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்த பேனர் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் அம்மா படித்து, பயிற்சி எடுத்து, கமிஷன், அதாவது ராணுவ அதிகாரி நியமனம் பெற்று, வேலை பார்த்தவர். அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் ‘தியாகத் தாய்’ என்று போட்டால், பிள்ளையை விட்டுக்கொடுத்தவர் என்று சொந்தக்காரர்கள் சொல்வதை நீங்களும் பெரிய எழுத்தில் போட்டதாக ஆகிவிடும். அவர் முகம் மாறியதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

அந்த 32 வயதுக் கல்யாணம். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ராணுவ நர்சிங் பிரிவில் நிரந்தர கமிஷன் பெற்ற பெண், கல்யாணம் செய்துகொண்டால் வேலையிலிருந்து அனுப்பிவிடலாம் என்று 1977-இல் ஒரு ராணுவ ஆணை இருந்தது. 1995-இல்தான் அதை விலக்கினார்கள். செலினா ஜான் என்ற லெப்டினன்ட் 1988-இல் கல்யாணம் செய்தார். அந்த வருஷமே அனுப்பப்பட்டார். அவர் வழக்குப் போட்டுப் போராடி, 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அது அப்பட்டமான பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உங்கள் அம்மா எந்த வருஷம் வேலையில் சேர்ந்தார், எந்த வருஷம் கல்யாணம் செய்தார் என்று பாருங்கள். ஊர் வாய்க்கு இத்தனை வருஷம் தீனி போட்ட அந்தத் தாமதத்துக்கு இந்த ஆணைதான் காரணமோ என்னவோ, அவரிடமே கேளுங்கள். யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று ராணுவப் பெண் அதிகாரிக்கு 180 நாள் பேறுகால விடுப்பு உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, சர்வீஸ் முழுக்கச் சேர்த்து 360 நாள் விடுப்பு உண்டு. அதிகாரிகளுக்குக் கீழே உள்ள ரேங்குகளில் இருக்கும் பெண்களுக்கும் இதையே தர 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்ற ஒன்று மத்திய அரசுப் பணிகளுக்கு வந்ததே 2008-இல்தான். நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவிடம் அது இல்லை. அம்மாச்சி இருந்தார், அவ்வளவுதான்.

நம் கரையில் எத்தனை வீட்டில் அப்பா வருஷக்கணக்கில் சவுதியிலும் துபாயிலும் இருக்கிறார்? கீழக்கரை, தொண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். மாதக்கணக்கில் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போனார் என்று அவர்களை யாராவது சொல்கிறார்களா? குடும்பத்துக்காகப் போயிருக்கிறார் என்கிறோம். உங்கள் அம்மாவுக்கு மட்டும் வேறு கணக்கு. எனக்கு இதில் கோபமே வருகிறது.

இப்போது உங்கள் வருத்தம். அந்த நாளில் அம்மா இல்லாதது உங்களுக்கு உண்மையான இழப்பு. மேலே சொன்ன எந்த ஆணையும் எந்த நியாயமும் அதை இல்லாமல் ஆக்கிவிடாது. அவர் செய்த வேலையும் பெரியது, நீங்கள் தனியாக நின்றதும் நிஜம். ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைத்தால்தான் நடிப்பு. ராணுவத்தில் இருந்தவர்கள் வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் ரேங்கும் எழுதியிருக்கும். பதவி உயர்ந்தபோது அடித்துத் திருத்திய தடம்கூடத் தெரியும். உங்கள் வீட்டிலும் இருந்தால், வேறு யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பதக்கங்கள் இருக்கும், மாற்றல் உத்தரவுகள் இருக்கும். அம்மாச்சி போட்ட இன்லாந்து லெட்டர்களும் இருந்தால் ஆச்சரியமில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். நான் வயதுக்கு வந்த செய்தி வந்தபோது எந்த வார்டில் இருந்தீர்கள், லீவு கேட்டீர்களா, அன்று ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் உங்கள் கோபத்தையும் சொல்லிவிடுங்கள். அழுகை வரும், வரட்டும். போர்க்காயங்களுக்குக் கட்டுப் போட்ட கை அது. மகளின் கோபத்தையும் தாங்கும்.

அம்மாச்சி இருக்கிறார் என்றால், அவரையும் அன்று கூட உட்கார வையுங்கள். அந்த சர்வீஸில் பாதி அவருடையது.

பள்ளிக்கூட விஷயத்தில் நீங்கள் பிடிவாதமாக இருங்கள். 1888-இல் பம்பாய்க்குக் கப்பலில் வந்து இறங்கிய பத்து நர்சுகளோடு தொடங்கியது ராணுவ நர்சிங் பிரிவு. மருத்துவப் பக்கம் தவிர ராணுவத்தின் மற்ற பிரிவுகள் பெண்களை எடுக்கத் தொடங்கியதே 1992-இல்தான். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது. சீருடை நமக்குப் புதிதில்லை. இருந்தும் படைவீரர் என்றால் ஆண் என்றே பழகிவிட்டோம். வேலு நாச்சியார் பிறந்த ராமநாதபுரத்தில் இப்படி இருக்கலாமா?

ஊரில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரைத் தலைமை ஆசிரியரிடம் கூட்டிப் போங்கள். தோளில் அசோகச் சின்னமும் நட்சத்திரமும் இருந்தால் என்ன ரேங்க் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். போகி, பொங்கலோடு சேர்ந்து வரும். அதற்கு முன்பே, குடியரசு தின அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

கூப்பிட்டும் அம்மா மேடைக்கு வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், அது அவர் விருப்பம். ஆனால் அழைப்பிதழ் வருஷா வருஷம் வீட்டுக்கு வந்தாக வேண்டும், பெயருக்கு முன்னால் லெப்டினன்ட் கர்னல் என்றும் பின்னால் ஓய்வு என்றும் அச்சிட்டு.