மேக் மினி: 'சர்வர்' என்று போட்டிருந்தால் வாங்கலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் இரண்டு மேக் மினி (ஆப்பிளின் குட்டி டெஸ்க்டாப் கணினி) விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டுமே 2012 மாடல், 2.3 கிகாஹெர்ட்ஸ் ஐ7. ஒன்று சாதாரணம், இன்னொன்று சர்வர். அதற்கு விலை கொஞ்சம் கூடுதல். வீட்டுப் படங்கள், வீடியோக்களை எல்லாரும் பார்க்கும்படி ஒரே இடத்தில் வைக்க வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: 'சர்வர்' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டிலும் ஒரே நாலு கோர் சிப்தான், ஒரே இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ்தான். புதிதாக விற்றபோது ஒன்று 799 டாலர், மற்றது 999 டாலர். அந்த 200 டாலருக்குக் கிடைத்தது இரண்டாவது 1 டிபி டிஸ்க்கும் சர்வர் மென்பொருளும். மென்பொருளை ஆப்பிள் 2022-லேயே நிறுத்திவிட்டது. ஃபைல் ஷேரிங், மற்ற மேக்குகளின் டைம் மெஷின் (மேக்கின் தானியங்கி பேக்கப்) நகலை வாங்கி வைக்கும் வசதி இரண்டும் 2017-இன் மேக் ஓஎஸ்ஸான ஹை சியராவிலிருந்து எல்லா மேக்கிலும் உள்ளேயே வருகின்றன.

ஆக, மிஞ்சுவது அந்த இரண்டாவது டிஸ்க். அதுவும் 5400 சுற்று வேகத்தில், இத்தனை வருடம் ஓடித் தேய்ந்தது. எப்படியும் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடத்தான் போகிறீர்கள்.

அப்படியானால் சர்வரில் லாபமே இல்லையா? ஒன்று உண்டு. இரண்டாவது டிஸ்க்கை இணைக்கும் கேபிள் அதில் ஏற்கெனவே இருக்கும். சாதாரண மினியில் அதைத் தனியாகத் தேடி வாங்கி மாட்ட வேண்டும். ராம் மாற்றுவது சுலபம். அடியிலுள்ள கறுப்பு மூடியைத் திருகினால் போதும், 16 ஜிபி வரை போடலாம். டிஸ்க் அப்படியில்லை. விசிறி, ஆன்டெனா தகடு என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். முதல் தடவை நான் பிரித்தபோது விசிறியின் குட்டி கனெக்டர் போர்டிலிருந்து பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. நகத்தால் மெல்ல நெம்ப வேண்டியதை இழுத்துத் தொலைத்தேன்.

உள்ளேயே இரண்டு டிஸ்க் வேண்டும், விலை வித்தியாசமும் சின்னது என்றால் சர்வரை எடுங்கள். யுஎஸ்பி 3-இல் வெளி டிஸ்க் தொங்கினால் பரவாயில்லை என்றால் சாதாரணமே போதும். என் ஓட்டு இதற்குத்தான்.

வாங்கும் முன் சிஸ்டம் ரிப்போர்ட்டைத் திறந்து கோர் எண்ணிக்கை 4 என்று இருக்கிறதா பாருங்கள். அதே 2012-இல் 2.5 கிகாஹெர்ட்ஸ் ஐ5 ஒன்றும் உண்டு. எண் பெரிதாக இருந்தாலும் அதில் இரண்டே கோர். 2011 சர்வரைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் யுஎஸ்பி 3 கிடையாது.

அப்புறம், செட்டிங்கில் உள்ள எனர்ஜி சேவரில் கரன்ட் போய் வந்தால் தானே இயங்கும்படி டிக் செய்யுங்கள். ஃபைல்வால்ட் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன்) போட்டிருந்தால் பாஸ்வேர்டு கேட்டு அங்கேயே நின்றுவிடும். ஊரில் இல்லாதபோது கரன்ட் போனால் அவ்வளவுதான். 2012 மாடலுக்கு ஆப்பிள் தரும் கடைசி சிஸ்டம் கேட்டலினா. அதற்கு இப்போது பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை. எனவே வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் வையுங்கள், வெளியிலிருந்து எட்டும்படி திறந்துவிடாதீர்கள். அது கட்டாயம் வேண்டுமென்றால் மேக் ஓஎஸ்ஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுங்கள்.