ஸ்கீ பூட்ஸ் வலிக்குக் காரணம் உங்கள் கால் இல்லை

தம்பி, டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே ஆபீஸ் நண்பர்களோடு உத்தராகண்டில் இருக்கும் ஔலிக்குப் பனிச்சறுக்கப் போனீர்கள், வாடகைக்கு எடுத்த ஸ்கீ பூட்ஸ் சுண்டுவிரல் பக்கம் உயிரை எடுத்தது, புறங்கால் மரத்துப்போனது, அடுத்து காஷ்மீரின் குல்மர்குக்குக் கூப்பிடுகிறார்கள், நம்ம ஊர்க் காலுக்கு இது ஒத்துவருமா இல்லை வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆர்.கே.புரத்தில் குடியிருந்துகொண்டு குளிர்காலம் தவறாமல் மலைக்குப் போகிறவன் நான். நம் ஆட்கள் பலரும் இதே வலியோடுதான் இறங்கி வருகிறார்கள், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பூட்ஸ் பெரிசு.

கேட்க விசித்திரமாக இருக்கும். வலித்தால் பெரிய சைஸ் கேட்பதுதான் எல்லோருக்கும் வரும், கடைக்காரரும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் பூட்ஸ் பெரிசாக இருந்தால் உள்ளே குதிகால் தூக்கும், கால் முன்னும் பின்னும் ஓடும், அதை அடக்க நீங்கள் பக்கிளை இறுக்குவீர்கள். புறங்காலில் தோலுக்குக் கீழேயே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன, இறுக்கினால் அங்கேதான் நசுங்கும். உங்களுக்கு மரத்துப்போனது அநேகமாக இதனால்தான்.

அதனால் முதலில் அளவு. சுவரில் குதிகாலை ஒட்டி, காகிதத்தின் மேல் முழு எடையும் கொடுத்து நின்று, நீளமான விரலின் நுனியைக் குறித்து அளந்துகொள்ளுங்கள். அந்த சென்டிமீட்டர்தான் ஸ்கீ பூட்ஸின் சைஸ், 26 செ.மீ. என்றால் 26. பெரும்பாலும் 26க்கும் 26.5க்கும் வெளி ஷெல், அதாவது கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, ஒன்றேதான், அரை சைஸ் கூட்டியும் பிரயோசனமில்லை. ஷெல்லின் பக்கவாட்டில் 305, 315 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், பூட்ஸை ஸ்கீ பலகையோடு பூட்டுகிற பைண்டிங்கைப் பொருத்துகிறவருக்கு வேண்டியது. பூட்ஸை மாற்றினால் மட்டும் பைண்டிங்கையும் அதற்கேற்பத் திருத்தித் தரச் சொல்லுங்கள், இதில் அலட்சியம் கூடாது. விழும்போது ஸ்கீ சரியாகக் கழன்றுகொள்ளாவிட்டால் முழங்கால் போய்விடும்.

கடையில் லைனரை, அதாவது உள்ளே இருக்கும் மெத்தென்ற உறையை, வெளியே உருவிவிட்டு வெறும் ஷெல்லுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்னால் லேசாகத் தொடட்டும், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை செ.மீ. அளவுக்கு இடம் இருந்தால் சரி. அதைவிட அதிகம் என்றால் கூச்சப்படாமல் ‘பையா, ஏக் நம்பர் சோட்டா திகாவோ’ (அண்ணே, ஒரு சைஸ் சின்னதாகக் காட்டுங்கள்) என்று கேளுங்கள். லைனரோடு போட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல் இடிக்கத்தான் செய்யும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்து விரலுக்கு இடம் கிடைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய்ப் பெரிய சைஸுக்குத் தாவுகிறார்கள்.

அப்புறம் சாக்ஸ். டெல்லிக் குளிருக்கு இரண்டு ஜோடி போட்டுப் பழகிவிடுகிறோம், ஆனால் இங்கே ஒன்றே ஒன்று, மெல்லியதாக, முழங்கால் வரை வருவதாக இருக்க வேண்டும். சரோஜினி நகரில் வாங்கிய தடித்த உல்லனை ரூமிலேயே விட்டுவிடுங்கள். தடிமன் கூடினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப் போகும். தெர்மல் பேன்ட்டின் விளிம்பையும் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், அந்த ஒரு மடிப்பு போதும், கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் நாள் முழுக்கக் குத்தும்.

போடும்போது குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்காரவைத்து, கணுக்கால் பக்கிளை முதலில், பிறகு மேலே உள்ளவை, விரல் பக்கம் இருப்பதைக் கடைசியில் சும்மா பேருக்கு மாட்டினால் போதும். பக்கிள் கம்பியைத் திருகினால் கொஞ்சம் கொஞ்சமாக நீளும், சுருங்கும். அது தெரியாமல் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு இழுத்துவிட்டு அவதிப்படுகிறவர்கள்தான் அதிகம்.

சுண்டுவிரல் பக்கம் வலிப்பது வேறு கதை. செருப்பிலேயே வளர்ந்த கால்கள் நமக்கு, முன்பாதம் அகலம். என்னுடையதும் அப்படித்தான். பூட்ஸின் உள் அகலம் 98 மி.மீ. என்றால் ஒடுக்கம், 102 என்றால் தாராளம், அகலமான மாடல் கேளுங்கள். உள்ளங்கால் தட்டையாக இருந்தால் எடை விழும்போது பாதம் இன்னும் நீண்டு விரிந்து எலும்பு போய் ஷெல்லில் இடிக்கும், வளைவைத் தாங்குகிற இன்சோல், அதாவது பூட்ஸுக்குள் பாதத்தின் கீழ் வைக்கும் அட்டை, ஒன்று போட்டாலே பாதி வலி போய்விடும்.

அதற்கும் அடங்காமல் ஒரே புள்ளியில் வலித்தால், வலிக்கிற இடத்தின் மேல் பஞ்சு வைக்காதீர்கள், அழுத்தம் கூடத்தான் செய்யும். சுற்றி வைக்க வேண்டும். சாக்ஸின் மேல் அந்த இடத்தில் லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு வைத்து லைனருக்குள் காலை விட்டால் இடம் பதியும். அதைச் சுற்றி, நடுவில் ஓட்டை உள்ள ஃபோம் வளையத்தை லைனரின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். வளையத்தை உங்கள் தெருமுனை மரத்தடியில் செருப்புத் தைக்கும் மோச்சியே நறுக்கிக் கொடுப்பார். ஷெல்லைச் சூடுபண்ணித் தள்ளுகிற வேலையை மட்டும் அவரிடம் விடாதீர்கள். அதற்கென்று கருவி உண்டு, வாடகை பூட்ஸில் அதைச் செய்யவும் முடியாது. மருந்துக் கடையில் கால் ஆணிக்கு விற்கும் கார்ன் கேப்பும் வேண்டாம், நடுவில் தோலை அரிக்கிற மருந்து இருக்கும்.

குல்மர்கில் முதல்நாள் சாயங்காலமே பூட்ஸை எடுத்து, ராத்திரி சூடான அறையிலேயே வையுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் விறைத்துவிடும், காலை நுழைப்பதே பெரும்பாடு. அறையிலேயே அரைமணி நேரம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் நல்லது, ஓர் இடத்தில் சுள்ளென்று குத்தினால் காலையில் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். அளந்ததும் சென்டிமீட்டரையும், வலி சரியாக எந்த எலும்பில் என்பதையும் எழுதுங்கள், என்ன கேட்டு வாங்கலாம் என்று சொல்கிறேன்.