சுயபுத்தியின்மேல் சாயாதே என்றால் சிந்திக்காதே என்று பொருளா?

கேள்வி: எங்கள் சபையின் வேதபாடக் கூட்டத்தில், உத்தமனாகிய யோபு ஏன் அத்தனை துன்பப்பட வேண்டும் என்று கேட்டேன். நடத்தியவர், “சுயபுத்தியின்மேல் சாயாதே என்று நீதிமொழிகள் 3:5 சொல்லுகிறது; விசுவாசித்தால் போதும்” என்று பேச்சை முடித்துவிட்டார். சிந்திப்பது விசுவாசத்துக்கு விரோதமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் வாயை அடைக்க அந்த வசனம் பயன்பட்டதற்காக வருந்துகிறேன், சகோதரி. அதிலுள்ள ‘சாயாமல்’ என்ற சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். நடக்க முடியாத ஒருவர் ஊன்றுகோலின்மேல் தம் பாரம் முழுவதையும் விடுவதுதான் சாய்தல்; கோல் ஒடிந்தால் ஆளும் விழுவார். புத்தியை அப்படிக் கடைசி ஆதாரமாக்கிக்கொள்ளாதே என்கிறது வசனமே தவிர, அதைப் பயன்படுத்தாதே என்று சொல்லவில்லை. முந்தைய அதிகாரத்திலேயே (2:3, 4) புத்தியைச் சத்தமிட்டு அழைக்கவும், வெள்ளியைப்போலவும் புதையலைப்போலவும் தேடவும் சொல்லப்பட்டிருக்கிறது. எபிரேய மூலத்தில் இரண்டு இடங்களிலும் இருப்பது ‘பீனா’ என்ற ஒரே சொல். தேடச் சொன்ன பொருளையே அடுத்த அதிகாரத்தில் எறிந்துவிடச் சொல்வாரா?

நீங்கள் எழுப்பிய கேள்வி யோபுவே எழுப்பியதுதான். அவர் பிறந்த நாளைச் சபித்தார், வாதாடினார், தேவனிடமே நேரில் வழக்காட விரும்பினார். அவருடைய நண்பர்களோ, பாவத்துக்குத் தண்டனை என்ற ஆயத்தமான பதிலை வைத்துக்கொண்டு தேவனுக்காகப் பரிந்து பேசினார்கள். முடிவில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார் என்று 42:7-ஐ வாசித்துப் பாருங்கள்: யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அந்த நண்பர்களைத்தான். ஆயினும் ‘ஏன்’ என்பதற்கு யோபுவுக்கு விடை சொல்லப்படவில்லை; பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசியபோது அவர் பெற்றது விளக்கத்தை அல்ல, தேவனையே. தன் புத்தி எட்டிய மட்டும் போய், அது எட்டாத இடத்தில் அவர்மேல் சாய்ந்த மனிதரை அங்கே காண்கிறேன். அந்த வழியை நடக்காமலே முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி ஒருவரிடம் சொல்வது, எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரோயா பட்டணத்தாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கித்தவர் பவுல் அப்போஸ்தலராயிருந்தும், அவர் சொன்னது அப்படித்தானா என்று அவர்கள் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அதற்காகவே நற்குணசாலிகள் எனப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 17:11). அடுத்த கூட்டத்தில் யோபு 42-ஆம் அதிகாரத்தை வாசிக்கலாமா என்று தாழ்மையாய்க் கேளுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் உயிர்த்தெழுதலைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்கிறான். சந்தேகத் தோமாவாகிவிடுவானோ என்று பயப்படுகிறேன்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தோமா, கண்டாலொழிய விசுவாசிக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு நடந்ததை யோவான் 20:26-இல் பாருங்கள் ஐயா. எட்டு நாளைக்குப் பின்பும் ‘தோமாவும் அவர்களுடனேகூட’ வீட்டுக்குள் இருந்தான். மற்றச் சீஷர்கள் அவனை விலக்கவில்லை, அவனும் விலகிப் போகவில்லை; அந்த வீட்டுக்குத்தான் ஆண்டவர் வந்தார். காணாமல் விசுவாசிக்கிறவர்களைப் பாக்கியவான்கள் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்பே தம் கைகளை அவனுக்குக் காட்டிவிட்டார். உங்கள் மகன் கேட்பது உங்களுக்குத் தெரியாததாயிருந்தால், தெரியவில்லை என்று சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவருமாக நான்கு சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களைத் திறந்து வைத்து வாசியுங்கள்.