ஒன்பது வயதுத் தேக்கை மொத்தமாக விற்கலாமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் சமவெளிப் பட்டா நிலம் இரண்டு ஏக்கரில், 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் தேக்கு நட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒன்றைக்கூட வெட்டவில்லை. சில ஆண்டுகளாக மரம் பருக்கவே இல்லை. வியாபாரி ஒருவர் தோப்பை மொத்தமாகக் கேட்கிறார். இல்லாவிட்டால் தடித்த மரங்களை மட்டுமாவது கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தடித்ததை மட்டும் கொடுப்பது மொத்தமாக விற்பதைவிடவும் மோசம். நோஞ்சான்களை வைத்துக்கொண்டு காலமெல்லாம் காவல் காக்க வேண்டியதுதான்.

உங்கள் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 1,000 மரங்கள் நிற்கும். தலைகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் வெளிச்சம் போதாமல் தேக்கு உயரத்தான் பார்க்கும், பருக்காது. நெருக்கமாக முளைத்த எள்ளில் சிலதைப் பிடுங்கிக் கலைக்கிறோமே, அதுபோல் இதையும் ஐந்தாறு வயதிலேயே கலைத்திருக்க வேண்டும். இப்போதும் கெட்டுப்போகவில்லை.

வியாபாரியை அழைக்கும் முன் ஒரு நூலும் சிவப்புப் பெயின்ட்டும் எடுத்துக்கொண்டு நீங்களே தோப்புக்குள் இறங்குங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவைப் பாருங்கள். கவட்டை விட்டது, வளைந்தது, நுனி காய்ந்தது, பக்கத்து மரத்தின் நிழலில் ஒடுங்கியது: இவற்றுக்குத்தான் பெயின்ட். நெஞ்சு உயரத்தில் ஒரு பட்டை, தரையை ஒட்டி இன்னொன்று. வெட்டிய பிறகு அடிக்கட்டையைப் பார்த்தாலே குறிக்காத மரம் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த வேலையை வெட்டுக்கூலி ஆட்களிடம் விடாதீர்கள்.

இம்முறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். நெருக்கத்திலேயே வளர்ந்த மரங்களைத் திடீரென்று திறந்துவிட்டால் காற்றுக்குச் சாயும். தண்டெல்லாம் பக்கத் துளிர் வெடித்துக் கணு விழும். இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிகளில் குறைத்துக்கொண்டே வந்து, ஏக்கருக்கு 250 மரம் அளவில் நிறுத்தலாம்.

காத்திருப்பதில் என்ன லாபம் என்பீர்கள். நடுச்சுற்றளவு 24 அங்குலம் உள்ள 10 அடிக் கட்டை, கால் சுற்றளவுக் கணக்கில் (சுற்றளவில் கால் பங்கை அதே அளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது) இரண்டரை கன அடி. அதே நீளத்தில் 48 அங்குலம் என்றால் 10 கன அடி. சுற்றளவு இரட்டித்தால் மரம் நான்கு மடங்கு. அத்தோடு, ஒன்பது வயதில் வைரம், அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி, கொஞ்சம்தான். தச்சர் பணம் கொடுப்பது வைரத்துக்கு.

இலை உதிர்ந்திருக்கும் தை, மாசியில் வெட்டுங்கள். உச்சி தெளிவாகத் தெரியும், விழும் மரம் நிற்பதை அடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். உதிர்ந்த சருகு தீப்பிடிக்கும் என்பதால் தோப்புக்குள் பீடி கூடாது. அடிக்கட்டை நிச்சயம் துளிர்க்கும். நிழலில் அந்தத் துளிர் மரமாகாது, ஒடித்துவிடுங்கள். பெரிய வெளி விழுந்த இடத்தில் மட்டும் திடமான ஒரு துளிரை விடலாம்.

மலைப்பகுதியாக இருந்தால் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டியிருக்கும். உங்களுக்கு அது வராது. இருந்தாலும் பட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போய், வெட்டவும் லாரியில் கொண்டுபோகவும் என்ன அனுமதி தேவை என்று கேட்டுவிட்டு முன்பணம் வாங்குங்கள்.