நொட்டேஷன் மென்பொருள்: காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்காகச் சொந்தமாகச் சில பாடல்களுக்கு மெட்டமைத்து, நான்கு குரல்களுக்கும் கீபோர்டுக்கும் ஸ்டாஃப் நொட்டேஷனை (ஐந்து கோடுகளில் ஸ்வரங்களைக் குறிக்கும் மேற்கத்திய முறை) கையால் எழுதித் தருகிறேன். டெனர் பாடுகிறவர்கள் என் கையெழுத்து புரியவில்லை என்கிறார்கள். வருமானத்துக்காகச் செய்வதில்லை என்பதால் அதிகம் செலவழிக்க இயலாது, மடிக்கணினியும் பழையது. எந்த மென்பொருளை வாங்கலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் தேவைக்கு இலவசமாகக் கிடைப்பவையே போதும். அவற்றுள் எது எந்த இடத்தில் கையை விரிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பெரிய நிறுவனங்களின் இலவசப் பதிப்புகளில் குரல்கள், வாத்தியங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சிபேலியஸ் என்ற நொட்டேஷன் மென்பொருளின் இலவசப் பதிப்பு நான்கோடு நின்றுவிடும். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கையும் தனித்தனி வரிகளில் எழுதிவிட்டால் ஐந்தாவதாகக் கீபோர்டுக்கு இடமிருக்காது; பாமாலைப் புத்தகத்தில் உள்ளது போலப் பெண் குரல்களை ஒரு வரியிலும் ஆண் குரல்களை இன்னொரு வரியிலும் அடக்கினால்தான் சமாளிக்கலாம். டோரிகோ என்ற இன்னொரு மென்பொருளின் இலவசப் பதிப்பு எட்டுப் பேர் (பாடுகிறவர் அல்லது வாசிக்கிறவர்) வரை அனுமதிப்பதால் உங்களுக்கு அந்த நெருக்கடி வராது. சிபேலியஸை உருவாக்கிய லண்டன் குழு 2012இல் வேலையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தில் சேர்ந்து 2016இல் வெளியிட்டதுதான் டோரிகோ. அச்சில் அதன் பக்கம் மிக அழகாக வரும் என்றாலும், அது வேலை செய்யும் முறை பழகச் சில வாரங்கள் பிடிக்கும்.

நான் உங்களுக்குச் சொல்வது மியூஸ்ஸ்கோர். குரல்களுக்கு வரம்பு இல்லை, கட்டணம் இல்லை, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஆனால் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இதே பெயரில் நொட்டேஷன் தாள்களைப் பகிரும் இணையத்தளம் ஒன்று உண்டு. அங்கே பிறருடைய தாள்களைப் பெரும்பாலும் சந்தா கட்டித்தான் பதிவிறக்க முடியும். அதைப் பார்த்துவிட்டு மென்பொருளுக்கே மாதச் சந்தா என்று நினைத்து ஒதுங்கியவர்கள் பலர். எழுதுவதற்கு அந்தச் சந்தா தேவையே இல்லை.

பழைய மடிக்கணினி என்கிறீர்கள். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு முந்தையதைவிடக் கனமானது. அது திணறினால் 3.6 பதிப்பு இன்னும் கிடைக்கிறது. ஆனால் நான்கில் சேமித்த கோப்பை மூன்றில் திறக்க முடியாது என்பதால், குழுவில் இன்னொருவரும் எழுதுவதாக இருந்தால் இருவரும் ஒரே பதிப்பில் இருங்கள். நிஜக் குரல் போல ஒலிக்கும் ஒலித்தொகுப்புகளும் இலவசம்தான், ஆனால் அவை இடத்தை விழுங்கும். பயிற்சிக்கு அவை இல்லாமலே ஒப்பேற்றலாம்.

எழுதும் முறையைப் பாருங்கள். ஆங்கில ‘என்’ விசையை அழுத்தினால் எழுதும் நிலைக்குப் போகும். 5ஐ அழுத்தினால் கிராச்செட் (கால் நீள ஸ்வரம்), 4ஐ அழுத்தினால் க்வேவர் (அதில் பாதி), அதன்பின் ‘சி’, ‘டி’, ‘ஈ’ என்று தட்டத் தட்ட ஸ்வரங்கள் வரியில் வந்து உட்காரும். உங்கள் கீபோர்டை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, கட்டைகளை அழுத்தியும் எழுதலாம். நாலைந்து நாளில் கை பழகிவிடும்.

பாடல் வரிகளைச் சேர்க்கும்போதுதான் தமிழுக்கே உரிய வேலை வருகிறது. ‘வணங்குகிறோம்’ என்பதை ஐந்து ஸ்வரங்களின் கீழ் வ-ணங்-கு-கி-றோம் என்று பிரிக்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்து தனியே ஒரு ஸ்வரத்தின் கீழ் நிற்காமல் முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. முதல் ஸ்வரத்தைத் தேர்ந்து கண்ட்ரோலுடன் ‘எல்’ விசையை அழுத்தி, அசை முடியும் இடத்தில் சிறு கோடும், சொல் முடியும் இடத்தில் இடைவெளியும் தட்டினால் அடுத்த ஸ்வரத்துக்கு நகரும். யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, முழுப் பாடலையும் தட்டச்சு செய்யும் முன் ஒரே ஒரு வரியைப் பிடிஎஃப் ஆக்கி, கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கர்நாடக இசையில் வர்ணங்கள் இயற்றிப் பார்க்கிறேன். எனக்கும் இதே மென்பொருள் உதவுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெரிதாக உதவாது. ஸ்டாஃப் நொட்டேஷன் ஸ்வரத்தின் நிலையைக் காட்டும், கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) காட்டாது. திரும்ப வாசித்துக் காட்டும்போதும் காந்தாரம் அசையாமல் கட்டைபோல நிற்கும். தாளத்துக்கேற்பக் கட்டங்கள் போட்ட அட்டவணையில் ஸ, ரி, க, ம என்று எழுதி, கீழ் வரியில் சாகித்தியம் சேர்க்க, சாதாரண எழுத்துச் செயலியே போதும்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக ஃபினாலே என்ற நொட்டேஷன் மென்பொருளில் எழுதி வந்தேன். அதை நிறுத்திவிட்டார்கள். என் கோப்புகளின் கதி என்ன?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 1988இல் முதன்முதலாக வெளியான ஃபினாலேயை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. உங்கள் கணினியில் அது ஓடும்வரை ஓடும்; ஆனால் அந்தக் கணினியை மாற்றும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். மியூசிக் எக்ஸ்எம்எல் என்பது பெரும்பாலான நொட்டேஷன் மென்பொருள்கள் படிக்கும் பொது வடிவம். ஃபினாலேயிலேயே ஒரு கோப்புறையில் உள்ள அத்தனை கோப்புகளையும் ஒட்டுமொத்தமாக அந்த வடிவத்துக்கு மாற்றும் வசதி இருக்கிறது. ஸ்வரம், பாடல் வரி, கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) பெயர்கள் பெரும்பாலும் பத்திரமாக வந்துசேரும். பக்க அமைப்பும், நீங்கள் கையால் நகர்த்தி வைத்த குறிகளும் கலைந்துபோகும். ஆகவே மாற்றும் முன்பே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகவும் எடுத்து வையுங்கள். புதிய மென்பொருளில் திறந்த பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டியிருக்கும்.