போர்டு போகவில்லை, சிப்பை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் பழைய பென்டியம் 3 இன்னும் ஓடுகிறது. காப்பித் தோட்டக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது. 440பிஎக்ஸ் போர்டு, விண்டோஸ் 98, 64 எம்பி ராம். சேலத்தில் ஒரு கடையில் 256 எம்பி ராம் வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டுப் போட்டால் 128 என்றுதான் காட்டுகிறது. "போர்டு போயிடுச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்கிறார் கடைக்காரர். நிஜமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இந்த ஒரே காரணத்துக்காக நல்ல போர்டுகள் எடைக்குப் போவதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் வாங்கிய ராமில் எத்தனை கறுப்புச் சிப் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் 8 இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஒவ்வொரு சிப்பும் 32 எம்பி. போர்டில் ராமைக் கையாளும் 440பிஎக்ஸ் சிப்செட் 1998-இல் வந்தது; அதற்கு ஒரு ராம் சிப்பில் 16 எம்பிக்கு மேல் கணக்குத் தெரியாது, அதனால் பாதியை மட்டும் பார்க்கிறது. பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப் உள்ள 256 எம்பி ராமைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், முழுசாகக் காட்டும். பிசி133 (133 மெகாஹெர்ட்ஸ் வேக ராம்) என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும்.

ராமைப் போடும்போது பவர் கேபிளையே உருவிவிடுங்கள்; உங்களுடையது போன்ற ஏடிஎக்ஸ் வகைப் போர்டில் சிஸ்டம் ஆஃப் ஆனாலும் கொஞ்சம் கரண்ட் நிற்கும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைத் தொடுங்கள். உங்கள் ஊர் பனிமூட்டத்தில் ஈரம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், ராமின் தங்கநிறப் பல் மங்கிப்போகும், அதை மிருதுவான ரப்பரால் லேசாகத் துடைத்து, தூளைத் தட்டிவிட்டுச் செருகுங்கள். அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராம் இரண்டு சுற்றாவது ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம், கணக்கு ஃபைல் கெட்டுப்போகும். ராமில் கை வைப்பதற்கு முன்னாலேயே அந்தக் கணக்கை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். 256 தாராளம். 512-ஐத் தாண்டினால் விண்டோஸ் 98 தகராறு செய்யும்.

கேள்வி: பென்டியம் எம்எம்எக்ஸ், 430டிஎக்ஸ் போர்டு, விண்டோஸ் 98. 64 எம்பி ராமை 128 ஆக்கினேன், முன்னைவிட மந்தமாகிவிட்டது. ஏன்?
– வாசகர், ஓமலூர்

பதில்: 430டிஎக்ஸ் சிப்செட்டின் கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதை வைத்துக்கொள்ளும் சின்ன, வேகமான நினைவகம்) ராமின் முதல் 64 எம்பிக்குத்தான் எட்டும். விண்டோஸ் 98 ராமை மேல் நுனியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவதால், கேஷ் இல்லாத பகுதியில்தான் எல்லாம் போய் உட்காருகிறது. ரொம்பப் பெரிய ஃபைலைத் திறக்கும் வேலை இல்லை என்றால் 64-க்கே திரும்பிவிடுங்கள்.